மத்தியானப் பலகை

புனேயின் போசரியில், பட்டறைகளுக்கு நடுவே சரசா நடத்திய இட்லிக் கடையில் பேச்சு முழுக்க சரசாவுடையதுதான். மகள் நீலா வாயைத் திறக்க மாட்டாள். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டாள். ஆனால் வாயில் வராததெல்லாம் கையில் வந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் விழுங்கிய பதில்களை எழுதி எழுதி ஏழு நோட்டுகள் நிரப்பி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

புனேயில் பல கடைகளுக்கு மத்தியானத் தூக்கம் உண்டு. வருகிறவர்களைக் குத்திக்காட்டும் பலகைகளும் உண்டு. குத்து வாங்கியவரே படித்துச் சிரிப்பார். சரசாவும் ஒன்றிலிருந்து நான்கு வரை கடையை மூடத் தொடங்கினாள். ஷட்டரைத் தட்டுவதுதான் நிற்கவில்லை. மூடியிருக்கிறது என்று மராத்தியில் எழுதி மாட்டும்படி நீலாவிடம் சொன்னாள். சரசாவுக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது.

சாக்பீஸை எடுத்த நீலா சொன்னதை எழுதினாள். அதோடு கை நிற்கவில்லை.

மறுநாள் ஒருவரும் தட்டவில்லை. ஆனால் நான்கு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் வெளியே ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். எல்லார் கண்ணும் பலகைமேல்தான். லேத் பட்டறை ஜம்பு தினமும் வருகிறவன், தமிழன். அவனைப் பிடித்து நிறுத்திப் படிக்கச் சொன்னாள்.

“'ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் மூடியிருக்கும். தட்டினா இட்லி வராது, எங்கம்மா வருவாங்க. மெத்துன்னு இருக்கறது இட்லி மட்டும்தான்.' அவ்ளோதான்க்கா.”

சரசாவின் முகம் கடுகடுத்தது. ஈரத்துணியை மகள்மேல் எறிந்து, துடைக்கச் சொன்னாள்.

நீலா பலகைக்கு முன் போய் நின்றாள். துணி பிடித்த கை எழவில்லை. எத்தனையோ நாள் எழுதியதில் நான்கு பேர் கண்ணில் பட்டது இது ஒன்றுதான்.

“துடைக்க மாட்டேம்மா.”

நீலாவுக்கு இப்படியொரு குரல் இருப்பதே ஜம்புவுக்கு அன்றுதான் தெரிந்தது.

“நல்லா இருக்கும்மா. அதான் இன்னிக்கு யாரும் தட்டல,” என்றாள் நீலா.

சரசாவுக்கு மூன்று மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“இது மாதிரி இன்னும் எத்தன எழுதி வச்சிருக்க?”

டிரம்முக்குப் பின்னாலிருந்து ஏழு நோட்டுகளும் வந்தன. சரசா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், படிக்கச் சொன்னாள். முதல் பக்கத்தில் நீலாவின் குரல் நடுங்கியது. இரண்டாவதில் பரவாயில்லை. மூன்றாவது பக்கத்தில், சட்னியை முகர்ந்து பார்க்கும் வாத்தியாருக்கு எழுதிய பதிலைக் கேட்டு சரசா புரையேறச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க நீலா சத்தமாகப் படித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே சரசா திரும்பினாள். சாப்பிட உட்கார்ந்திருந்த ஜம்பு கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

“மூணு இட்லிக்கு நாலு தடவ சாம்பார் கேக்கறானே, இவனுக்கு எதாவது எழுதியிருக்கியாடி?”

ஜம்பு கிண்ணத்தை மெல்லக் கீழே இறக்கினான்.

“அஞ்சாவது நோட்டும்மா,” என்றாள் நீலா. “முழுசும்.”