தோற்பதற்கு ஒரு நல்ல மனிதர்

செயின்ட் லூயிஸ் மாநாட்டு அரங்கில் என் வீட்டுக்காரர் பெயரை முதன்முதலில் சொன்னவள் நான்தான். எந்தக் கோர்ட்டில் கேட்டாலும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ஒரு மரியாதைக்குத்தான் சொன்னேன். வாசலில் போகிறவரைப் பார்த்து "வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்போமே, அந்த மரியாதை. அவர் நிஜமாகவே பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வது?

நான் வெர்னா டாலெஃப்சன். வடக்கு டகோட்டா பிரதிநிதிகள் பதினெட்டுப் பேருக்கும் தலைவி. அதிபர் தேர்தலுக்கு எங்கள் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று முடிவு செய்யத்தான் மாநாடு. செனட்டர் விட்காம் ஒரு பக்கம், கவர்னர் மார்கிஸ் மறு பக்கம். எங்கள் பதினெட்டில் ஒன்பது இந்தப் பக்கம், ஒன்பது அந்தப் பக்கம். பஸ்ஸில் வரும்போதே ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. சூரியகாந்தி விதைப் பொட்டலத்தைக்கூட என் வழியாகத்தான் கைமாற்றிக்கொண்டார்கள்.

இந்த மாதிரி நேரத்துக்கென்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. முதல் சுற்றில் சொந்த மாநிலத்துக்காரர் யாருக்காவது மொத்த ஓட்டையும் போட்டுவிடுவது. யாருக்கும் வருத்தமில்லை. பெயர் ஒரு தடவை அரங்கில் ஒலிக்கும், அவருடைய தூரத்துச் சொந்தக்காரர்கள் டிவியைப் பார்த்துக் கைதட்டுவார்கள், அதோடு சரி. அப்படித்தான் எங்கள் முன்னாள் கவர்னர் ஹார்லன் டாலெஃப்சன் பெயரைச் சொன்னேன்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்லன் ஒரே ஒரு தவணை கவர்னராக இருந்தார். இரண்டாம் முறை நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். எட்டு வருடம் ஆயிற்று, மனிதர் அதிலிருந்து மீளவே இல்லை. தானியக் கிடங்கில் காலைக் காபிக்குக் கூடுகிற கூட்டத்துக்கு ஆறு மாதம் போகவில்லை. தேர்தல் முடிந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையை அவர் கண்ணில் படாமல் நான் அடுப்பில் போட்டேன். அடுத்த நாள் ஆப்பிள் பை சுட்டு வைத்தேன். அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக என்று ஊருக்குச் சொன்னேன்.

அந்தத் தேர்தலில் நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. எதிராளிக்குப் போட்டேன்.

நாலு வருடம் தலைநகர் பிஸ்மார்க்கில் கவர்னருக்கான அந்தப் பெரிய வீட்டில் நீளமான மேசைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத்தான் அது புரியும். எனக்கு என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வேண்டும். ஒரு ஓட்டு என்ன பண்ணிவிடப்போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் பண்ணவில்லைதான், மீதி நானூற்றுப் பதினொன்றை வேறு யாரோ போட்டார்கள். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் ஒரு ஓட்டுதான் அவரை வீழ்த்தியது போல இருக்கும். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்த முதல் சுற்று. அறுப்பு இயந்திரத்தில் உட்கார்ந்து கோதுமை அறுத்துக்கொண்டே ரேடியோவில் தன் பெயரைக் கேட்பார், ஒரு நாள் சந்தோஷமாக இருப்பார் என்று கணக்குப் போட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

நாலு சுற்று போயிற்று, சண்டை வேண்டாமென்று எங்கள் ஆட்கள் நாலிலும் ஹார்லனுக்கே போட்டார்கள். விட்காமும் நகரவில்லை, மார்கிஸும் நகரவில்லை. விட்காம் ஆட்களுக்கு மார்கிஸைத் தவிர யார் வந்தாலும் சரி. மார்கிஸ் ஆட்களுக்கு விட்காமைத் தவிர யார் வந்தாலும் சரி. இந்த "யார் வந்தாலும்" என்பவர் யார் என்று தேடியபோது, பட்டியலின் அடியில் பதினெட்டு ஓட்டோடு என் வீட்டுக்காரர் தேமே என்று கிடந்தார்.

நாலாம் நாள் காலையில் அரங்கு முழுக்க அவர் பெயர். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த டிவிக்காரர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. எட்டு மணிக்கு வரைபடத்தில் எங்கள் மாநிலம் எங்கே என்று தடவியவர், ஒன்பது மணிக்கு ஹார்லன் ஜெயிப்பதற்கான மூன்று வழிகளைச் சொன்னார். பத்து மணிக்கு அவரே ஜெயிக்க முடியாததற்கு ஐந்து காரணம் சொன்னார். கருத்துக்கணிப்பு ஒன்று வந்தது: ஹார்லனைப் பற்றி நூற்றுக்கு நாற்பத்தொரு பேருக்கு நல்ல அபிப்பிராயமாம். நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் அவர் யாரென்றே தெரியுமாம். தெரியாமலிருப்பதுதான் அவருடைய பலம் என்றார் ஒரு நிபுணர். அப்படிப் பார்த்தால் எங்கள் பக்கத்துத் தோட்டத்து கெர்மிட் இன்னும் பலசாலி, அவனை மூன்று பேருக்குக்கூடத் தெரியாது.

என் பக்கத்து நாற்காலி லடோனா, மைனாட் ஊரில் டீச்சர். தலையில் எங்கள் எல்லோரையும் போலப் பஞ்சில் செய்த சூரியகாந்தித் தொப்பி. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெர்னாக்கா, வெள்ளை மாளிகையில ஜன்னல் எத்தனைன்னு தெரியுமா? திரைச்சீலைக்கே ஒரு வருஷம் ஆகும்" என்றாள்.

"அடியே, சும்மா கெட. அந்தாளுக்கு மாட்டியிருக்கிற திரையைத் தொறக்கவே தெரியாது" என்றேன். சிரித்தேன்தான். ஆனால் ஹார்லன் கூப்பிட்டாரா என்று போனை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

மதியம் டெரிக் பாம்ஃப்ரி வந்தார். விட்காமின் ஆள். நேற்று வரை என்னைப் பார்த்தால் தூண் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனவர், இன்று எனக்கு ஹாட்டாக் வாங்கி வந்திருந்தார். கடுகு சாஸ் வேறு கேட்டுப் போட்டிருந்தார்.

"மேடம், ரெண்டு பக்கமும் பேசி முடிச்சாச்சு. அஞ்சாவது சுத்துல எல்லாரும் உங்க வீட்டுக்காரருக்குத்தான். அவர் சம்மதத்தை மட்டும் நீங்க வாங்கிக் குடுத்துடுங்க."

"இருக்கட்டும் தம்பி. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவர் ஜெயிப்பாரா?"

பாம்ஃப்ரி சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தை நிலாவைப் பிடித்துத் தரச் சொன்னால் சிரிப்போமே, அப்படி.

"அம்மா, ஜெயிக்கிற வருஷமா இருந்தா இது உங்க வரைக்கும் வருமா? இப்ப இருக்கிற அதிபரை இந்த வருஷம் யாராலயும் அசைக்க முடியாது. விட்காம் நின்னு தோத்தா அவர் கதை முடிஞ்சுது. மார்கிஸ் நின்னா மார்கிஸ் கதை முடிஞ்சுது. நாலு வருஷம் கழிச்சு ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு. அதனால கண்ணியமா தோக்கிறதுக்கு ஒரு நல்ல மனுஷன் வேணும். எதிரி கிடையாது, ஊழல் கிடையாது, வாயைத் திறந்தா வானிலைதான் பேசறார். ஹார்லன் மாதிரி வராதும்மா."

"மஞ்சத்தண்ணி தெளிச்சுத் தலையாட்டச் சொல்றீங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் பெரிய வார்த்தை எதுக்கு? நாட்டுக்குச் செய்யற சேவை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாட்டாக்கை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்திருந்தேன், அதையும் பார்க்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றதற்கே எட்டு வருடம் துக்கம் காத்தவர் என் ஹார்லன். நாடு முழுக்க, ஐம்பது மாநிலமும் சேர்ந்து தோற்கடித்தால் என்ன ஆவார்? அதற்கும் வாசல் திறந்துவிட்டவள் நானாகவே இருக்க வேண்டுமா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சூரியகாந்தித் தொப்பியோடு அழுதால் டிவியில் நன்றாகவா இருக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

ஹார்லனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அறுப்பு நேரத்தில் அவர் எடுக்க மாட்டார். மூன்று தடவை போட்டேன். அதற்குள் மேடையில் மாநாட்டுச் செயலாளர் அம்மாள் ஐந்தாவது சுற்றை ஆரம்பித்துவிட்டார். அகர வரிசைப்படி ஒவ்வொரு மாநிலமாக எழுந்து, தங்கள் ஊர்ப் பெருமையை ஒரு முழம் நீட்டிவிட்டு ஓட்டைச் சொன்னார்கள். ஒரு மாநிலம் தங்கள் பீச் பழத்தைப் புகழ்ந்தது, இன்னொன்று தங்கள் மீனைப் புகழ்ந்தது. நேற்றுவரை பெயரே தெரியாதவர்கள் "மாண்புமிகு ஹார்லன் டாலெஃப்சன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அவர் பெயர் போட்ட அட்டைகளைத் தூக்கி ஆட்டினார்கள். அட்டையின் பின்பக்கம் விட்காமின் முகம் அப்படியே இருந்தது.

இதிலும் ஒரு வழக்கம் உண்டு. பெரும்பான்மையைத் தாண்டவைக்கிற ஓட்டைச் சொந்த மாநிலத்துக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காக வழியிலிருந்த இரண்டு பெரிய மாநிலங்கள் "நாங்க அப்புறம் சொல்றோம்" என்று ஒதுங்கிக்கொண்டன. எங்கள் முறை நெருங்கும்போது பலகையில் இன்னும் பதினாறு ஓட்டுதான் குறைச்சல். எங்களிடம் பதினெட்டு. கூரையில் வலைக்குள் பலூன்கள் தயாராக இருந்தன. நான் "அவருக்கு விருப்பமில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் பலூன் வலைக்குள்ளேயே கிடக்கும்.

"வடக்கு டகோட்டா!" என்றார் செயலாளர்.

மைக்கை லடோனா என் கையில் திணித்தாள். அதே நேரம் இன்னொரு கையில் போன் அதிர்ந்தது. ஹார்லன்.

மைக்கைப் பொத்திக்கொண்டு போனை எடுத்தேன். இயந்திரச் சத்தம் பெரிதாகக் கேட்டது, பிறகு நின்றது. வண்டியை நிறுத்திவிட்டார்.

"ரேடியோல கேட்டுட்டுத்தான் இருக்கேன் வெர்னா. நம்ம பேரைக் கூப்பிடறாங்க போல."

"ஹார்லன், கேளுங்க. நேரமில்லை. இவங்க உங்களை ஜெயிக்க வைக்கக் கூப்பிடலை. தோக்கறதுக்குத்தான் கூப்பிடறாங்க. என் கிட்டயே சொன்னான் அந்தப் பாம்ஃப்ரி, கூச்சமே இல்லாம."

"தெரியுமே. ஜெயிக்கிற மாதிரி இருந்தா என்னை எதுக்குத் தேடப்போறாங்க?"

"அப்ப வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"வடக்கு டகோட்டா!" என்றார் செயலாளர், இரண்டாம் தடவை. என் கன்னத்தில் வழிந்ததை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அரங்கு கைதட்டியது.

ஹார்லன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "வெர்னா, நம்ம டவுன்ஷிப்ல, அக்கம்பக்கத்துப் பண்ணையெல்லாம் சேர்த்து, மொத்தம் எத்தனை ஓட்டு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு. இப்ப எதுக்கு அது?"

"போன தடவை எனக்கு எத்தனை விழுந்துச்சு தெரியுமா?"

மைக்கை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"பத்து. டவுன்ஷிப் டவுன்ஷிப்பா பேப்பர்ல போட்டிருந்தான். நம்ம வீட்டுப் பேப்பரைக் காணோம்னு கெர்மிட் வீட்ல போய்ப் பாத்தேன். முதல்ல கெர்மிட் மேலதான் சந்தேகம். ரெண்டு வாரம் அவன் கிட்ட பேசலை. அப்புறம்தான் யோசிச்சேன், தோத்த வீட்ல யாராவது பை சுடுவாங்களா?"

"ஹார்லன்..."

"ஆறு மாசம் காபிக்குப் போகாம இருந்தது நானூத்திப் பன்னெண்டுக்காக இல்லம்மா. அந்த ஒண்ணுக்காக. போனா கெர்மிட் இருப்பான், வாய் தவறிச் சொல்லிடுவேன்னு பயம்."

எட்டு வருடம். எட்டு வருடமாக எதிரே உட்கார்ந்து நான் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டு, இதை வாயில் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"என்னை மன்னிச்சுடுங்க. தனியா சாப்பிட்டு சாப்பிட்டு வெறுத்துப்போச்சு எனக்கு."

"அதுவும் பின்னாடி புரிஞ்சுது. நீ வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் நின்னிருக்கவே மாட்டேன்." தொண்டையைச் செருமினார். "இப்ப சொல்றேன் கேளு. நாடு பூரா சேர்ந்து என்னைத் தோக்கடிக்கட்டும், அது அவங்க இஷ்டம். நம்ம டவுன்ஷிப்ல இந்தத் தடவை பதினொண்ணும் விழணும். அது நடக்கும்னா சரின்னு சொல்லு. இல்லேன்னா வீட்டுக்கு வா, கோதுமை கெடக்கு."

"வடக்கு டகோட்டா, கடைசி முறையா கேட்கிறேன்!"

மைக்கிலிருந்து கையை எடுத்தேன். எங்கள் கோதுமையைப் பற்றி, தேனைப் பற்றி, மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரைப் பற்றிப் பேச இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"செயலாளர் அம்மா, வடக்கு டகோட்டாவோட பதினெட்டு ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு" என்றேன்.

வலை திறந்தது. பலூன்கள் கொட்டின. பாம்ஃப்ரி தூரத்திலிருந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார், பாவம். லடோனா என் தொப்பியின் மேல் விழுந்து அழுதாள். டிவிக்காரன் ஒருவன் பலூன்களை மிதித்துக்கொண்டு ஓடி வந்து என் மூக்குக்குக் கீழே மைக்கை நீட்டினான்.

"மிஸஸ் டாலெஃப்சன், ஒரே கேள்வி! உங்க கணவர் ஜெயிப்பாரா?"

"பதினோரு ஓட்டு உறுதி. மீதி உங்க பாடு" என்றேன்.