எழுத்தில்லாத விசைகள்

அதுவும் இல்லையென்றால் 'மழை நின்ற பிறகு போகலாம்' என்று இருந்திருக்குமோ, இல்லை, அதைத்தான் போன வாரமே இடது கையால் அடித்துப் பார்த்தாயிற்றே, 'மழை நின்றதும்', 'மழை விடட்டும்', 'மழை நிற்கட்டும்', எல்லாவற்றையும் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதி ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாயிற்று, நாற்பது கோட்டுக்கு மேல் வந்துவிட்டது... என்று நினைத்தபடி ஃபெலிக்ஸ் மேஜை முன்னால் உட்கார்ந்து தன் வலது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் கிடந்த கை. கட்டைப் பிரித்துப் பத்து நாளாகியும் இன்னும் வெளுப்பாக, இளைத்துப்போய், யாருடைய கையையோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. பத்து நாளும் ரப்பர் பந்தைப் பிசைந்ததுதான் வேலை. இன்று காலைதான் செகந்திராபாத் திருமுல்கேரியில் டாக்டர் எலும்பை அழுத்திப் பார்த்துவிட்டு, இனி டைப் பண்ணலாம், ஆனா மெதுவா, என்று சொல்லி விட்டிருந்தார். ஆட்டோவில் அல்வாலுக்குத் திரும்பும் வழியெல்லாம் மடியில் விரல்கள் தாமாக ஆடிக்கொண்டு வந்தன, வாசிக்கத் தெரியாதவன் ஹார்மோனியம் வாசிப்பதைப்போல. இப்போது கணினி எதிரே இருக்கிறது, கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி, வட்டைத் திறக்கக் கடவுச்சொற்றொடரைத் தருக, அவ்வளவுதான். அதற்கு முன்னால் அவன் தானே பற்றவைத்துக் கட்டிய விசைப்பலகை, இரண்டாகப் பிளந்தது, இடது கைக்குப் பாதி, வலது கைக்குப் பாதி, எந்த விசையிலும் எழுத்தே கிடையாது. எழுத்தைப் பார்த்து அடிப்பவனுக்கு எதற்கு நல்ல விசைப்பலகை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறான். ஒரு கை ஒடிந்தால் மறு கை எதைப் பார்த்து அடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? நிரல்கள், பதினோரு வருஷத்துக் குறிப்புகள், அவையெல்லாம் போனால் போகட்டும், மறுபடி எழுதலாம். மனைவி ஆக்னஸின் குரலை எங்கே போய் எழுதுவது? தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்கு இருந்த குரல். கட்டியை எடுத்தார்கள், கெட்டது ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதான், அது போதும் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. ஆனால் குரல் நரம்பு எதுவோ சோர்ந்துபோய், எட்டு மாதமாகச் சாக்குத் துணியை இழுப்பதுபோன்ற கரகரப்பு. கோவில் பாடற்குழுவில் தனியாகப் பாட நிறுத்தப்பட்டவள் இப்போது பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிறாள். குரல் பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா, பழைய குரல் ஏதாவது பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள், எந்த உயரத்தில் பேசினீர்கள், பாடினீர்கள் என்று கேட்டால் பயிற்சியை அதற்கேற்ப வைக்கலாம் என்றபோது, இவன்தான் முந்திக்கொண்டு, என்னிடம் எல்லாம் இருக்கிறது டாக்டர், ஒன்றுவிடாமல் இருக்கிறது என்றான். அதில் ஒரு பெருமை. மூன்றாம் நாள் லால் பஜார் பக்கம் பைக் சறுக்கியது. அன்று காலைதான் கணினியின் உட்கருவான கெர்னலைப் புதிதாக மாற்றிவிட்டு அதை அணைத்திருந்தான், மறுபடி போட்டால் கடவுச்சொற்றொடர் கேட்கும்.

அவளுடைய பழைய ஃபோனில் இருந்ததை விட்டுவைத்திருக்கலாம். விடவில்லையே. உன் குரல் யாரோ ஒரு கம்பெனியின் கணினியில் எதற்குக் கிடக்க வேண்டும், கிளவுடு, மேகம் கீகம் என்பதெல்லாம் அடுத்தவன் வீட்டு அலமாரி, சாவி அவன் கையில், என்று பிரசங்கம் செய்து எல்லாவற்றையும் தன் வட்டுக்கு மாற்றி ஃபோனைத் துடைத்துக் கொடுத்தான். அவளும் சரி என்றாள். அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. மூன்று பிரதிகள் வைத்திருந்தான், ஒன்று வீட்டில், ஒன்று பீரோவில், ஒன்று ஆபீஸ் டிராயரில், ஒழுங்குக்குக் குறைச்சலே இல்லை, மூன்றுக்கும் ஒரே பூட்டு. கட்டற்ற மென்பொருள் கூட்டங்களில் ஞாயிறு ஞாயிறாக இதைத்தானே சொல்லிக்கொடுத்தான், கடவுச்சொல்லைத் தாளில் எழுதாதீர்கள், நீளமான ஒரு வாக்கியமாக மனத்தில் வையுங்கள், யாராலும் திறக்க முடியாது... அந்த யாராலும் என்பதில் தானும் சேர்த்தி என்று எந்த ஞாயிற்றுக்கிழமையும் உறைக்கவில்லை. ஆபீஸில் விஸ்வநாத் சிரிக்காமல்தான் கேட்டான், வேற எதாவது கம்பெனி கிளவுடுல வெச்சிருந்தா ஒரு ஃபோன் போட்டா போதுமே பாஸ், அவங்களே தெறந்து குடுத்திருப்பாங்க இல்ல.

வாக்கியம் எது என்பதில் சந்தேகம் இல்லை, அதன் உடம்புதான் நினைவில் இல்லை. தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்த முதல் வருஷம், செகந்திராபாத் ஸ்டேஷன் வாசல், அடித்துப் பெய்கிறது, அல்வால் போகும் ரயிலைப் பிடிக்க அவன் ஓடப் பார்க்கிறான், பாடற்குழுவில் அப்போதுதான் அறிமுகமாகியிருந்த ஆக்னஸ் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, மழை நிற்கட்டும் என்கிறாள். ரயில் போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் புது வட்டுக்கு அதையே பூட்டாக வைத்தான், தமிழ்99 என்னும் தட்டச்சு முறையில், தமிழ் தெரியாத அந்தத் திரையில். விரல் தமிழில் ஓடும், கணினி அதை ஏதோ கலைந்த ஆங்கில எழுத்துகளாக வாங்கிக்கொள்ளும். பதினோரு வருஷம் தினமும் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, செய்தி கேட்டுக்கொண்டு, யோசிக்காமலே அடித்தது. யோசிக்காமலே என்பதுதான் வினை. ழ எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது, வலது கைக்குத்தான் தெரியும். அந்தக் கை மாவுக்கட்டுக்குள் இருந்தபோது ஒரு படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, லேப்டாப்பின் சொந்த விசைகளில் இடது ஆள்காட்டி விரலால், கோழி கொத்துவதுபோல...

சரி, இப்போது இரண்டு கையும் இருக்கிறது. வைத்தான். மணிக்கட்டில் சுருக்கென்றது. மழை நிற்கட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மனத்தில் சொல்லி அடித்தான், என்டரைத் தட்டினான். சில விநாடி காத்திருப்பு, அதுதான் கொடுமை, உடனே இல்லை என்று சொல்லித் தொலையாது. தவறு. மழை நிற்கட்டும் போகலாம். தவறு. ஒருவேளை இடைவெளி விடவில்லையோ, இடது கட்டைவிரல் இடைவெளிக்குத்தானே, விட்டிருக்கும், விடாமல் இருக்காது... தவறு. மூன்று தடவையானால் அது பேசுவதை நிறுத்திவிடும், அணைத்து மறுபடி போட வேண்டும். போட்டான். திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போக வேண்டும், ஒன்றும் இல்லை டாக்டர் என்று ஆக்னஸே சொல்வாள், அந்தக் கரகரப்பிலேயே சொல்வாள், இவனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். ஒரு தடவை கூட அவள் கடிந்துகொள்ளவில்லையே, ஏன் கடிந்துகொள்ளவில்லை? கடிந்திருந்தால் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். பயம் அவளுக்கு இருக்காதா, அந்தக் குரல் எங்கேயும் இல்லாமலே போய்விடும் என்று...

"ஃபெலிக்ஸ்," சமையலறையிலிருந்து ஆக்னஸ். "கொரமீன் நல்லா பெருசா கெடச்சிருக்கு. வறுக்கவா, கொழம்பா?"

ஆற்று மீனில் என்ன ருசி இருக்கப்போகிறது, பதினோரு வருஷமாக அவன் சொல்லிவருவதுதான், அவள் கேட்டுவருவதுதான், கடல் மீன் தின்று வளர்ந்தவனுக்கு இது சேற்று வாடை...

"பாதிய வறு, பாதிய கொழம்பு வையி," என்றான் வாசல் பக்கம் திரும்பி. "புளி கொஞ்சம் கூட விடு, வாட தெரியக் கூடாதுல்லா."

"ஹவ், ஹவ், ஆமா, தெரியும். தூத்துக்குடி மகாராஜா."

சிரித்தபடி திரும்பினால் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சரசரவென்று, வெள்ளை வெள்ளையாக, அவனுக்குப் பழக்கப்பட்ட வரிசையில். கைகள் விசைகளின் மேல் இருந்தன, வலது கட்டைவிரல் கடைசி விசையை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. எப்போது அடித்தான்? புளி என்று சொன்னபோதா? உள்நுழையும் திரை வந்தது, பின்புலத்தில் முத்துநகர்க் கடற்கரைப் படம் வந்தது. ஃபெலிக்ஸ் நாற்காலியில் சாய்ந்தான், சாய்ந்த பிறகுதான் இரண்டு மாதமாகத் தோளைத் தூக்கியே வைத்திருந்தது தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதலில் ஒரு வெறும் கோப்பைத் திறந்து, தமிழை இயக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டே, சமையலறைக் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, விரல்களை அவற்றின் போக்கில் விட்டான். பிறகு திரையைப் பார்த்தான்.

நக்கோ இப்ப மழ நிக்கட்டும்.

அட. அப்படித்தானே சொன்னாள். திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவள் வேறெப்படிச் சொல்வாள்? நக்கோ என்ற சொல்லுக்கு அன்றைக்கு அர்த்தம்கூடத் தெரியாமல், வேண்டாம் என்பதாக இருக்கும் என்று சட்டையைப் பிடித்த கையிலிருந்து அனுமானித்துக்கொண்டு நின்றானே. மனம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, இலக்கணம் சேர்த்து, நிற்கட்டும் ஆக்கி வைத்துக்கொண்டது. நாற்பது கோடு போட்டதும் அந்தத் திருத்திய வாக்கியத்துக்குத்தான்.

"ஆக்னஸ், இங்க வாயேன். தெறந்துட்டு."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், மஞ்சள் ஒட்டிய விரலால் அவன் தோளைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். அந்த வரியைப் படித்தாள்.

"இதுவா பாஸ்வேர்டு?"

"இதுதான்."

"நான் சொன்னதா?" இன்னொரு தடவை படித்தாள். "என்கிட்ட கேட்டிருந்தா மொத நாளே சொல்லிருப்பேனே."

கேட்கவில்லைதான். கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதில் எழுந்த சுவர், அதைத் தாண்டி அவளிடம் எப்படிக் கேட்பான்... டைரியின் அதே பின்பக்கத்தில், கோடுகளுக்குக் கீழே அந்த வாக்கியத்தைப் பெரிதாக எழுதி அவளிடம் நீட்டினான். அவள் அதைக் கிழித்து மடித்து, மளிகைச் சீட்டோடு சேர்த்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று ஒரு கணம் தோன்றியது, சொல்லட்டும்.

"சரி, போடுங்க."

கோப்புறையைத் திறந்து ஒன்றை எடுத்தான். இரைச்சல், நாற்காலி நகரும் சத்தம், யாரோ ஒரு பெண், ஓடுதா, ஆன் பண்ணிட்டீங்களா, என்று கேட்கிறாள், மெல்லிய குரலில், கொஞ்சம் அவசரமாக. யார் இது, பாடற்குழு ஆரோக்கியமேரியா, அவள் எங்கே இதில் வந்தாள் என்று ஃபெலிக்ஸ் நினைத்தான், நினைத்து முடிவதற்குள் அந்தப் பெண் பாடத் தொடங்கிவிட்டாள், அது ஆக்னஸ். தயங்கித்தான் அவள் பக்கம் திரும்பினான். ஆனால் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் பாடுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மேல போறப்ப மூச்சு பத்தல பாருங்க இவளுக்கு," என்றாள். "நல்லாத்தான் இருக்கு. டாக்டரம்மாவுக்கு இது போதும், இல்ல?" எண்ணெய் காய்ந்த வாடை வர, போய்விட்டாள்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் இருக்கிறது, ஒன்றும் போகவில்லை, திங்கட்கிழமைக்கு எடுத்துப் போகலாம், இந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டான், வலி கூட இதமாக இருந்தது. சமையலறையில் மீன் சொய்யென்று எண்ணெயில் விழுந்தது. அதனூடே அவள் அதே பாட்டை, இரண்டு கட்டை இறக்கி, கரகரவென்று முனகத் தொடங்கியிருந்தாள், எட்டு மாதத்தில் முதல் தடவையாக. சரியாகக் காதில் விழவில்லை. ஃபெலிக்ஸின் கை நீண்டு கணினியின் ஒலியைக் குறைத்தது, இன்னும் குறைத்தது... குறைத்த பிறகுதான் எதைக் கேட்பதற்காக எதைக் குறைத்தோம் என்று அவனுக்கு உறைத்தது. எந்த நாளிலிருந்து இப்படி ஆயிற்று? அவளுடைய குரல் என்றால் இந்தக் கரகரப்புதான் என்று எப்போது... பயந்து கிடந்தது முழுக்க அவன்தானோ, அவளில்லையோ? அவளிடம் கேட்கலாம். மீன் பொரிந்து முடியட்டும்.