வினோதன் பச்சையாக்கிய உதாரணங்கள்

மில்லிக்கன் புறநகரில் பேபி அன்ரி மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எதிரே நிற்பவருக்குக் கால் கடுக்கும். அந்த மகன் வினோதனுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவள் எதிர்வீட்டு நிரூபா. ஒரு கணினி மொழியின் கைநூலைக் கவனிக்கும் குழு அவள் பொறுப்பில் இருக்கிறது. மொழிக்குப் புது வேர்ஷன் வரும்போதெல்லாம் கைநூலில் உள்ள உதாரண நிரல்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, பழசாகிப்போனவற்றைத் திருத்தி எழுதவேண்டும். செய்தால் யாருக்கும் தெரியாத வேலை. விட்டால் மட்டும் நாறும்.

வினோதனின் தகுதிகாண் காலமான புரொபேஷன் அந்த வார வெள்ளியோடு முடியவேண்டியது. அவனை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது நிரூபா எழுதுவதில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அன்ரி ஒரு தட்டு மட்டன் ரோல்ஸோடு வாசலில் வந்து நின்றார். மற்றவர்கள் மாதக்கணக்காக இழுத்த உதாரணங்களை மகன் ஒரு பின்னேரத்துக்குள் முடித்துவிட்டானாம், சோதித்தால் திரை முழுக்கப் பச்சையாம். பச்சை என்றால் என்னவென்று அன்ரிக்குத் தெரியாது. நல்லதென்று மட்டும் தெரியும்.

நிரூபாவும் நல்லதென்றே நினைத்தாள், ஒரு ரோல்ஸைக் கடித்தபடி பக்கங்களைத் திறக்கும் வரைக்கும்.

புதியவர்களுக்கான முதற்பாடம். பெயரைக் கேட்டு வணக்கம் சொல்கிற நாலு வரி. கீழே, ‘விடை இப்படி வரும்’ என்ற இடத்தில், ‘பிழை: இந்தக் கட்டளை நீக்கப்பட்டுவிட்டது’ என்று கிடந்தது. அடுத்த பாடத்திலும் ஒரு பிழை. உதாரணத்தை ஓட்டி, என்ன வருகிறதோ அதையே விடையாகப் பதிந்துகொள்ளும் வசதியொன்று உண்டு. பெடியன் அதை முழுக் கைநூலுக்கும் ஏவிவிட்டிருந்தான். ஓட்டினால் வருவதும் எழுதியிருப்பதும் ஒத்துப்போனால் சோதனை பச்சை காட்டும்; பிழையையே விடையாக எழுதிவைத்தால் பச்சை ஏன் வராது?

மீதி ரோல்ஸைத் தட்டில் வைத்தாள். அவனைக் கூப்பிட்டுச் சமையலறை மேசையில் இருத்தி, இன்றைக்குத்தான் படிக்கத் தொடங்குகிறவன் மாதிரி முதற்பாடத்தை அடித்துப் பார்க்கச் சொன்னாள். அடித்தான்.

“என்ன வந்தது?”

“எறர், அக்கா.”

“பிறகு?”

“கைநூல் பக்கத்திலயும் உதுதானே கிடக்கு. அச்சொட்டா இருக்கு.”

அவன் முகத்தில் வெட்கம் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள். திருப்திதான் வழிந்தது.

“படிக்கிற சனத்தை ஒருக்கா யோசிச்சனியோ?”

“ஆர் அக்கா உதுகளை வாசிக்கிறது? ரெஸ்ற் எல்லாம் பச்சையாப் பாஸ்தானே.”

தான் படிக்கத் தொடங்கிய காலத்தில் இப்படியொரு பழைய பக்கத்தை நம்பி, பிழை தன்னுடையதென்றே எண்ணி, நூலக மூலையில் ஒரு குளிர்காலத்தையே தொலைத்தவள் அவள்.

“உன்னை வைச்சிருக்கச் சொல்லி நான் எழுத மாட்டன், வினோதன்.”

அவன் கணினியை மூடினான். “அம்மாக்கு என்ன சொல்லுறது?”

“ரோல்ஸ் நல்லாயிருந்தது எண்டு சொல்லு.”

முதற்பாடம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நிரூபாவே உட்கார்ந்து எழுதினாள். மகனுக்கு வேலை போனதிலிருந்து அன்ரி அவளைக் கண்டால் குப்பைத்தொட்டியை இழுக்கிற சாக்கில் முதுகைக் காட்டுகிறார். தட்டைக் கேட்டு வரவும் இல்லை, இவள் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.