வூடா இது, சுடுகாடா?

கூடத்தில் மகன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்க, பின்பக்கம் சமையலறைப் படியில் உட்கார்ந்து ராஜாங்கம் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் செகண்ட் ஷிப்ட். மைன்ஸ் ஹெல்மெட் பக்கத்தில் தயாராக இருந்தது. சாப்பாட்டு டப்பா மட்டும்தான் இல்லை. சாவு வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள்?

மகள் அன்புக்கரசி கதவோரம் நின்று பார்த்தாள்.

"இன்னாப்பா பண்ணிக்கினு இருக்க?"

"பாத்தா தெரியல? டூட்டிக்குக் கெளம்பிக்கினு இருக்கேன்."

"உள்ள பொணம் கெடக்குது. உன் புள்ள."

"நானா தூக்கியாரச் சொன்னேன்? நீதான கொண்டாந்து போட்ட. நீயே பாத்துக்க."

அதுவும் உண்மைதான். தம்பி இளவழகன் மந்தாரக்குப்பத்தில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தவன். கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் வரும்போது கம்மாபுரம் ரோட்டில் குறுக்கே வந்த மாட்டின் மேல் மோதி, அங்கேயே போய்விட்டான். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து மூட்டையாகக் கையில் கொடுத்தபோது, ரூம்காரர் பிணத்தை உள்ளே விடமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். அன்புக்கரசிதான் ஆம்புலன்ஸ்காரனிடம் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு விடச் சொன்னாள். பெத்த அப்பன் வீடு இருக்கும்போது வேறு எங்கே கொண்டுபோவாள்?

அப்பன் இருந்தார், இருந்து என்ன பிரயோஜனம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா மாணிக்கம்மாள் செத்த அன்றே மகனைத் தலைமுழுகியவர் அவர். இளவழகன் அன்றைக்கு பெங்களூரில் எங்கோ மேடையில் இருந்தான். விடியற்காலை வந்து இறங்கியவன் கண்ணைச் சுற்றிப் பூசிய கறுப்பு மை அப்படியே இருக்க, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதைப் பார்த்த ராஜாங்கத்துக்கு வெறியே வந்துவிட்டது. "பெத்தவ பொணத்துகிட்ட பேய் வேஷத்தோட வந்து குந்திருக்கான் பாருங்க. இன்னியோட எனக்குப் புள்ள இல்ல. என் சாவுக்கு நீ வராத, உன் சாவுக்கு நான் வரமாட்டேன்" என்று சனம் மொத்தமும் கேட்கச் சொன்னார். சொன்ன வாய் நன்றாகத்தான் இருந்தது. கேட்ட காது போய்விட்டது.

"வாய்க்கரிசி யாருப்பா போடறது?"

"எங்க அண்ணன் இருக்கார். அவரு போடட்டும்."

"அப்பன் உசுரோட இருக்கும்போதா? என் தம்பி பெத்தவன் கை அரிசி இல்லாம போவணுமா? உனக்கு நெஞ்சுல இன்னாதான் இருக்குது, கல்லா?"

ராஜாங்கம் இன்னொரு ஷூவை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். அவளுக்கு அதைப் பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும் போலிருந்தது.

கூடத்தில் பெரியப்பா பெரியண்ணன் தட்டில் அரிசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாவம், நல்ல மனுஷன். "வராட்டி நான் போடறேன்மா, எனக்கும் புள்ளதான். ஆனா ஊரு காறித் துப்பும். எடுக்கற வரைக்கும் பாப்போம்" என்றார் மெதுவாக.

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கிளம்பியது.

வாசல் சாமியானாவுக்குக் கீழே தம்பியின் சினேகிதர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கறுப்பு டி-ஷர்ட். மண்டை ஓடு, கொம்பு, முள் முள்ளாக யாராலும் படிக்க முடியாத எழுத்து. குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சாவுக்குக் கறுப்பில் வருவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று எதிர் குவார்ட்டர்ஸ் திலகவதி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் கல்யாணத்துக்கும் அதே சட்டையில்தான் வருவார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

கரிநாள். அதுதான் தம்பியின் பேண்ட். பிளாக் மெட்டல் என்பார்கள். கழுத்தை நெரித்தால் வரும் குரலில் ஒருத்தன் அலறுவான், பின்னால் மிஷின் ஓடுவதுபோல் கிடார் ஓடும். அன்புக்கரசி எந்தப் பாட்டையும் அரை நிமிஷத்துக்கு மேல் கேட்டதில்லை. அவள் வெளியே வந்தபோது நடுவில் இரண்டு பேர் எழுந்து நின்று மல்லுக்கு நின்றார்கள். ஒருத்தன் ராஜ்மோகன், தம்பியோடு ஆரம்பத்திலிருந்து டிரம்ஸ் அடித்தவன், இப்போது சென்னையில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருப்பவன். இன்னொருத்தன் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த அப்ரார். அப்பாவின் செருப்புக் கடையைப் பார்த்துக்கொண்டே இந்தப் பேண்டின் கேசட்டைக் காப்பி போட்டு ஊர் ஊராக அனுப்பிய ரசிகன்.

"மொத மொத கேசட்டுல வந்த டெமோதான் பேண்டு. அதுக்கப்புறம் வந்தது எல்லாம் குப்ப" என்றான் அப்ரார்.

"டெமோல கிடார் கொசு கத்தற மாதிரி இருக்கு. என் டிரம்ஸ் பிஸ்கட் டப்பாவத் தட்டின மாதிரி இருக்கு. அத ஒரு ரெக்கார்டிங்னு ஊரெல்லாம் வித்த பாரு, உன்னச் சொல்லணும்" என்றான் ராஜ்மோகன்.

"கொசுன்னாலும் உசுரு இருந்திச்சு. நீ ஆல்பம்னு ஒண்ணு மிக்ஸ் பண்ணியே, பினாயில் ஊத்திக் கழுவின ஆஸ்பத்திரித் தரை மாரி. வழுக்கி வுழுந்துதான் சாவணும்."

"மூணாவதா வந்த கேசட்டுதான் ரெண்டுக்கும் நடுவுல சரியான..." என்று ஒரு தாடிக்காரன் ஆரம்பித்தான்.

"நீ மூடிக்கினு ஒக்காரு" என்று இருவரும் அவன் மேல் ஒரே குரலில் பாய்ந்தார்கள். அந்த ஒன்றில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

சண்டை எதற்கு என்றால், பாடை எடுக்கும்போது மைக்செட்டில் எந்தப் பாட்டைப் போடுவது என்பதற்கு. பெரியண்ணன் வெள்ளந்தியாக, சினேகிதப் பசங்க ஆசைப்படுறாங்க, ஒரு பாட்டுதானே என்று தலையாட்டிவிட்டார். அவர் ஏதோ உருக்கமான சினிமாப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா, செத்தவன் உள்ள கெடக்கறான், நீங்க இங்க சந்தக்கட வெச்சிக்கினு இருக்கீங்களா?" என்றாள் அன்புக்கரசி.

அப்ரார் திரும்பினான். அழுது அழுது கண் சுருங்கியிருந்தது. "அவனுக்காகத்தான்க்கா பேசறோம்."

"உசுரோட இருக்கும்போதும் அவனுக்காகத்தான் பேசினீங்க. பேண்ட காசுக்கு வித்துட்டான், ஓடிட்டான்னு நீங்க ஃபோன்ல எழுதினதப் படிச்சிட்டு என் வூட்டுல சோத்தப் பெசஞ்சிக்கினே உக்காந்திருந்தான். வாயில வெக்கல. உங்க ஒருத்தனையும் எனக்குப் புடிக்கல. ஒருத்தனையும்."

"எழுதினது இவன்தான்" என்று ராஜ்மோகன் கையை நீட்டினான்.

"எழுதற மாரி பண்ணது நீ" என்று அப்ரார் அவன் சட்டையைப் பிடித்தான். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு சரிந்தன. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வசதியாகப் பார்க்க எழுந்து நின்றார்கள். விலக்கப் போனவனுக்கும் ஒன்று விழுந்தது. செத்த வீட்டு வாசலில் பாட்டு சவுண்டுக்காக அடித்துக்கொள்ளும் ஜென்மங்களை அன்புக்கரசி அன்றுதான் பார்த்தாள்.

பக்கவாட்டுச் சந்திலிருந்து ராஜாங்கம் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலையில் ஹெல்மெட். கேட்டை மறித்து இந்தக் கூட்டம் உருண்டுகொண்டிருந்தது. ஹாரன் அடித்தார், யாரும் விலகவில்லை. அடுத்த நொடி அவர் தொண்டை திறந்தது. மைன்ஸில் அத்தனை மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை அது.

"நிறுத்துங்கடா டேய்! வூடா இது, சுடுகாடா?"

அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். அடிக்க ஓங்கிய கை ஓங்கியபடி இருந்தது. பயந்து நின்றதாகத்தான் அன்புக்கரசி முதலில் நினைத்தாள். ஆனால் அவர்கள் முகத்தில் இருந்தது பயமில்லை. தாடிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டான். அப்ரார் ராஜ்மோகனின் சட்டையை விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பி ராஜாங்கத்தைப் பார்த்தான்.

"அப்பா... அது நீங்களா?"

"எதுடா நானு?"

அப்ரார் திரும்பி முதுகைக் காட்டினான். டி-ஷர்ட்டின் பின்னால் வெள்ளை எழுத்தில் கொட்டையாக அச்சடித்திருந்தது: வூடா இது, சுடுகாடா? தாடிக்காரனின் முதுகிலும் அதே. அன்புக்கரசி எழுத்துக்கூட்டுவதுபோல் இரண்டு முறை படித்தாள்.

"எவன்டா என் பேச்ச சட்டையில போட்டது?"

"டெமோல மூணாவது பாட்டு முடியற எடத்துல வரும்பா. கதவத் தட்டற சத்தம், அப்பறம் இந்தக் குரலு. யாரோ நடிகர வெச்சுப் பேச வெச்சிருக்கான்னு நெனச்சிக்கினு இருந்தோம். எந்த ஊர்ல வாசிச்சாலும் அந்த எடம் வந்தா மொத்த ஹாலும் சேந்து கத்தும்."

ராஜாங்கத்தின் முகம் கறுத்தது. "ஓகோ. பெத்த அப்பன வெச்சு ஊரு சிரிக்கிறதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுப் போயிருக்கான். நல்ல புள்ள. நான் இன்னாவோ தப்புப் பண்ணிட்டனோன்னு ஒரு நிமிஷம் யோசிச்சனே, என்னச் செருப்பால அடிக்கணும்."

"சிரிக்கறதுக்கு இல்ல அங்கிள்" என்றான் ராஜ்மோகன். கிழிந்த காலரைச் சரிசெய்துகொண்டே கீழே பார்த்துப் பேசினான். "நீங்க கத்தும்போது நான் உள்ளதான் இருந்தேன். இதே வீட்ல, பின் ரூம்ல. யார்கிட்டயும் சொல்லாதன்னான். அப்பறம் ஆல்பம் பண்ணும்போது உங்க குரல நான்தான் வெட்டினேன். லெவலே சரியில்ல, கேக்கவே நல்லால்ல. அதுக்கு ஒரு வருஷம் அவன் என்கூடப் பேசல. எங்கப்பா இல்லாம இது இன்னாடா பாட்டுன்னு கேட்டான்."

"பொய் சொல்ற."

"சத்தியமா அங்கிள்."

"அதான் சொன்னேன், டெமோதான்னு" என்று அப்ரார் முணுமுணுத்தான். அன்புக்கரசி முறைத்ததில் அடங்கினான்.

ராஜாங்கம் பைக்கை ஸ்டாண்ட் போட்டார். "போடு, கேப்போம்."

அப்ரார் ஃபோனை எடுத்தான். "ஃபோன் ஸ்பீக்கர்ல ஒண்ணும் கேக்காது" என்றான் ராஜ்மோகன். "டெமோவ இப்பிடித்தான் கேக்கணும்" என்று அப்ரார் ஆரம்பித்தான்.

"ரெண்டு பேரும் வாய மூடிக்கினு போடுங்கடா!" என்று அன்புக்கரசி கத்தினாள்.

"ஸ்பீக்கர் பொட்டியில போடு" என்றார் ராஜாங்கம். "ஊரே கேட்டதுதான. எங்க பிளாக்கும் கேக்கட்டும்."

மைக்செட்காரர் வயரைச் செருகினார். பெட்டி இரண்டும் இரைந்தன. பிறகு அந்தக் கிடார், கொசு என்று சொன்னது பொய்யில்லை. அதற்குள் தம்பியின் அலறல். திலகவதி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மாமரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின. அன்புக்கரசி முதல் முறையாக அரை நிமிஷத்தைத் தாண்டி நின்று கேட்டாள். அந்தப் பின் ரூமில் பகலெல்லாம் போர்வையை ஜன்னலில் கட்டிவைத்து அவன் செய்தது இதுதானா என்றிருந்தது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. அழுகை மட்டும் வந்தது.

பாட்டு ஓரிடத்தில் தடுமாறியது. தட், தட், தட். அதற்கு அப்பால் எங்கிருந்தோ மங்கலாக ஒரு குரல்: நிறுத்துடா டேய், வூடா இது, சுடுகாடா. குரல் ஓய்ந்து, இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, நின்றது.

ராஜாங்கம் தலையைச் சாய்த்து நின்றார்.

"இன்னொரு வாட்டி போடு. அந்த எடம் மட்டும்."

போட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முன்வழுக்கையில் வேர்வை நின்றது.

"இது சரியில்ல" என்றார். "அன்னிக்கு நான் இதவிட சத்தமாதான் கத்துனேன். தொண்ட கிழியக் கத்துனேன். ஒரு வாட்டி இல்ல, ஏழெட்டு வாட்டி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"கத்தியிருப்பீங்க அங்கிள். மைக்கு உள்ள அவன் பக்கத்துல இருந்துச்சு. கதவு சாத்தியிருந்துச்சு" என்றான் ராஜ்மோகன். "மைக்குக்கு வந்தது இவ்ளோதான்."

ராஜாங்கம் யோசித்தார். டிரம்ஸ்காரனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப அவனுக்கும் இவ்ளோதான் கேட்டுதா?"

அத்தனை வருஷமாக அந்த டேப்பின் ஒவ்வொரு விநாடிக்கும் அடித்துக்கொண்ட கூட்டத்தில் ஒருத்தனுக்கும் இதற்கு விடை தெரியவில்லை. ஷிப்ட் பஸ் ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ராஜாங்கம் ஹெல்மெட்டை அப்ராரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நடந்தார்.

பெரியண்ணன் ஐஸ் பெட்டியின் ஸ்விட்சை அணைத்துக் கண்ணாடி மூடியைத் தூக்கினார். அன்புக்கரசி அரிசித் தட்டை நீட்டினாள். ராஜாங்கம் ஒரு பிடி அள்ளினார். குனிந்து மகனின் காதுப் பக்கமாக ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற அன்புக்கரசிக்கே அது கேட்கவில்லை.

குனிந்தபடியே போட்டதில் அரிசி வாயில் கொஞ்சமும் கன்னத்தில் நிறையவுமாக விழுந்தது. பெரியண்ணன் துண்டால் தட்டிவிடப் போனார். ராஜாங்கம் அவர் கையை விலக்கிவிட்டு, மகனின் கன்னத்திலிருந்து அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.