எட்டுத் தறிகள் நின்ற அரை நிமிடம்

1997 மார்ச், விடியற்காலை. வடகிழக்கே வால்நட்சத்திரம் பளிச்சென்று நின்றது. மேற்கிலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. அவிநாசியில் நண்பரின் விசைத்தறிக் கொட்டகை மாடியில் கேமராவை வைத்திருந்தேன். கீழே எட்டுத் தறிகள் ஓட, மாடியே அதிர்ந்தது. படத்தில் வால் புழுவாகத்தான் நெளியும். இது முன்பே உறைக்காத என் மூளையைத் திட்டிக்கொண்டே இறங்கி ஓடினேன்.

தறி ஓட்டும் பாவாத்தாளிடம் கேட்டேன்.

“அரை நிமிசந்தானுங்களே? நிறுத்திப்போடறனுங்க.”

எட்டும் நின்றன. மேலே வந்து ஷட்டரைத் திறந்து முப்பது எண்ணினேன். மூடினேன், மேகம் வாலை விழுங்கியது.

திரும்பினால், மாடிப்படியின் உச்சியில் பாவாத்தாள் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். இன்னொரு கால் அந்தரத்தில்.

“வெச்சா மாடி ஆடிப்போடுமுன்னு நின்னுட்டனுங்க. இப்ப வெக்கலாமுங்களா?”