நாலு பத்து மழை

மழையைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள் மழைமானியைக் கண்ணால் கண்டதில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சின்னவள் விஷயத்தில் அது சத்தியம். ஐந்து வருஷமாக அவள் மழையைக் கம்ப்யூட்டருக்குள்தான் பெய்ய வைத்தாள். வெளியே தூறினால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே தன் மழையைப் பார்க்கப் போய்விடுவாள். வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் சின்னவள். வயது இருபத்தொன்பது ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை.

பத்து நாடுகளிலிருந்து இளம் வானிலை ஆய்வாளர்கள் இருபது பேரைக் கூட்டி ஒரு மாதப் பயிற்சி நடத்தினார்கள். அதில் அவளுக்கும் இடம் கிடைத்தது. முடிவில் ஒரே ஒருவருக்கு அந்த நிறுவனத்திலேயே இரண்டு வருஷ வேலை. அது கிடைக்காவிட்டால் அக்கா வீட்டுக்காரர் நடத்தும் டியூஷன் சென்டரில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போக வேண்டும். மனிதர் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்த நாற்காலியில் மட்டும் உட்காரக் கூடாது என்று சின்னவள் உறுதியாக இருந்தாள்.

பயிற்சியில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, டீயைத் தவிர. நாலு மணிக்கு டீக்காரம்மா தட்டோடு வந்து நிற்பாள். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் சின்னவள் கிளாஸை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவாள். கட்டடத்தில் அங்கே மட்டும்தான் போன் சிக்னல் கிடைக்கும். டியூஷன் தொடங்குவதற்குள் அக்கா கூப்பிட்டு, "என்னடி, உனக்குத்தானே கிடைக்கும்?" என்று கேட்பாள். பேசி முடிக்க நாலு பத்தாகும்.

மாடியின் மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு வெள்ளை உருளை நின்றது. மேலே புனல், புனலுக்குள் வலை. மிச்சம் மீதியை ஊற்றுவதற்கென்றே யாரோ அக்கறையாகச் செய்து வைத்த தொட்டி என்று நினைத்தாள். சத்தமில்லாமல் முழு டீயையும் அதில் கவிழ்த்துவிட்டு, காலி கிளாஸைக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"இந்தப் பாப்பா மட்டும்தான் ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிக்குது," என்று டீக்காரம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மறுநாளிலிருந்து விளிம்பு வரை ஊற்றினாள்.

கீழே, ஜன்னலே இல்லாத அறையில், பயிற்சித் தலைவர் திரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். முதல் வாரக் கடைசியில் அவருக்கு அது தட்டுப்பட்டது. தினமும் சரியாக நாலு பத்துக்கு மூன்று மில்லிமீட்டர் மழை. சுற்று வட்டாரத்தில் வேறெங்கும் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு விடுமுறை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று வண்டி ஓட்டம் குறைவு, அதனால் புகை குறைவு, புகை குறைந்தால் மழைத்துளி திரளாது என்று மின்னல் ஆராய்ச்சிக்காரர் ஒன்றரை மணி நேரம் பேசினார். தூசி நிபுணர், உருளைக்கு அடியில் வடிந்ததைக் காவலாளியிடம் சொல்லிப் பாட்டிலில் பிடித்து வரச் செய்து சோதித்தார். அதில் சர்க்கரையும் பால் கொழுப்பும் இருந்தன. காற்று வரும் திசையில் ஒரு சர்க்கரை ஆலையும் மாட்டுப் பண்ணையும் இருந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினார். வரைபடத்தில் இரண்டும் இல்லை. வரைபடம் பழையது என்று எழுதிக்கொண்டார்.

மற்ற பத்தொன்பது பேரில் ஒருவராவது படியேறிப் போய் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கலாம். ஆனால் நாலு பத்துக்கு அவர்களுக்குத் திரை முன்னால் வேலை இருந்தது. தினமும் அந்நேரம் அங்கே நின்ற சின்னவளோ, மழை தான் இறங்கிய மறு நிமிஷம் பெய்வதாக நினைத்துக்கொண்டாள்.

அந்த மழையைக் கம்ப்யூட்டரில் வரவழைக்கும் பொறுப்பு சின்னவளிடம் வந்தது. அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பதினாறு இடத்தில் கணக்கைத் திருகி, காற்றைக் கொஞ்சம் வளைத்து, மேகத்தைக் கெஞ்சி, மூன்றாவது வாரம் நாலு பத்துக்கு மூன்று மில்லிமீட்டர் பெய்ய வைத்தாள். தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். கட்டுரை ஆய்விதழுக்குப் போனது. வேலை அவளுக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அக்கா போனிலேயே அழுதாள்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, நீண்ட விடுப்பில் போயிருந்த கருவி மெக்கானிக் திரும்பி வந்து எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப் போனார். வெள்ளை உருளையைத் தட்டிக் காட்டினார்.

"இதுதான் மழைமானி. உள்ள சின்னதா ஒரு ஏத்தம் மாதிரி இருக்கும். தண்ணி நிரம்பினா சாயும், சாஞ்சா கணக்கு விழும்." வலையைக் கழற்றி மோந்து பார்த்தார். "என்னது, டீ வாசனை வருது?"

"மாட்டுப் பண்ணை," என்றார் தூசி நிபுணர்.

சின்னவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊற்றியது மழைமானியில். கைதட்டல் வாங்கியது டீயைப் பெய்ய வைத்ததற்கு. அன்று நாலு மணிக்கு அவள் மாடிக்குப் போகவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு அறையிலேயே உட்கார்ந்தாள். திரையில் பூஜ்யம். தலைவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வறட்சி ஆரம்பிச்சிடுச்சு," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு நாளைக்கும் ஊற்றினால் வேலை. வாயைத் திறந்தால் ஒன்பதாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு நாள் முழுக்கத் தவித்தாள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு, எல்லாரும் இருக்கும்போதே எழுந்து நின்றாள்.

"சார், அது மழை இல்ல. நான் தினமும் ஊத்தின டீ. எனக்கு அது மழைமானின்னு தெரியாது."

தட்டோடு நின்ற டீக்காரம்மாதான் முதலில் பேசினாள். "எல்லா நாளுமா பாப்பா?"

சின்னவளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டியூஷன் சென்டரைவிட அந்தக் கேள்விதான் வலித்தது.

தலைவர் கட்டுரைப் பிரதியை எடுத்துப் புரட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"கட்டுரையை நேத்தே ஏத்துக்கிட்டாங்க. அதோட யோசிச்சுப் பாரும்மா, நீ நாலு பத்துக்கு டீ ஊத்துவேன்னு உன் கணக்கு நிமிஷம் தவறாம சொல்லியிருக்கு. இந்தக் கட்டடத்துல வேற எந்தக் கணக்கு இவ்வளவு சரியா வந்திருக்கு? வேலை உனக்குத்தான். ஒண்ணே ஒண்ணு, தரவு நடுவுல அறுந்துடக் கூடாது. ரெண்டு வருஷமும் வேலை நாள்ல நாலு பத்துக்கு மூணு மில்லிமீட்டர். அளவு கிளாஸ் ஆபீஸே கொடுத்துடும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். சின்னவளும் ஆட்டினாள். வேலை வேலைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அக்காவிடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். என்ன வேலை என்று சொல்ல வாய் வரவில்லை.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள். டீக்காரம்மா பேசாமல் டீயை அளவு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தாள். சின்னவள் மாடிக்கு வந்து உருளையின் முன்னால் நின்றாள். மணி நாலு ஒன்பது. கிளாஸைச் சாய்க்கப் போனபோது மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது தோளில். பிறகு கொட்டு கொட்டென்று கொட்டியது. உருளைக்குள் அந்தக் குட்டி ஏற்றம் டக் டக்கென்று சாய்வது அவளுக்குக் கேட்டது. ஐந்து வருஷத்தில் முதல் முறையாக அவள் மழையில் நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போன் அடித்தது. கீழே அறையின் லேண்ட்லைனிலிருந்து தலைவர்.

"என்னம்மா பண்றே? ஏழு மில்லிமீட்டர் தாண்டிடுச்சு. நிறுத்து, போதும்."

"நான் ஊத்தல சார். கிளாஸ் கையிலதான் இருக்கு. மழை பெய்யுது."

அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"யாரைக் கேட்டு?" என்றார் தலைவர்.

சின்னவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். கையிலிருந்த டீயில் மழை விழுந்து பாதி தண்ணீராகியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தாள். கண்றாவியாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

நனைந்தபடியே அக்காவைக் கூப்பிட்டாள். அந்த ஒன்பதாம் வகுப்பு நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டாள்.