வாய் திறக்காத மாப்பிள்ளை

முப்பத்திரண்டு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவனிடம் ஊர் இரண்டு கேள்விகள் கேட்கும். இத்தனை நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்பது ஒன்று. எப்போது கழற்றுவார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. கம்பி வலித்தது தனி.

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. காயை உடைத்து வெயிலில் போட்டு, கொப்பரைப் பருப்பைத் தனியே எடுத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புவோம். பருப்பு காய்ந்துவிட்டதா என்று ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துச் சொல்வது என் வழக்கம். கம்பி வந்த பிறகு களத்தில் வேலை செய்யும் சபுராக்காதான் கடித்துச் சொல்கிறார். சொல்லிவிட்டு என் வாயைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிப்பார். முதலாளி என்ற மரியாதை அதோடு சரி.

கம்பிக்குக் காரணம் ஒரு பெண் வீட்டார். எங்கள் பக்கம் பெண் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. படித்த பெண்கள் கோயமுத்தூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். களம், தோட்டம் என்று இருக்கிற பையன்கள் முப்பதைத் தாண்டியும் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு வந்த வீடுகள் எல்லாம் ஏதோ சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டன. ஒரு வீட்டார் மட்டும் தரகரிடம் உள்ளதைச் சொல்லி அனுப்பினார்கள்: "பையன் தங்கமான பையனுங்க. பல்லுதான் கொஞ்சம் எடுப்பா இருக்குதுங்க."

அடுத்த வாரமே அம்மா என்னைத் திருப்பூரில் பல் டாக்டர் ஹர்ஷிணியிடம் கூட்டிப்போனார். வளர்பிறையில்தான் கம்பி போட வேண்டும் என்று டாக்டரையே நாள் மாற்ற வைத்தார். இரண்டு வருடம் ஆகும் என்றார் டாக்டர். கல்யாணத்துக்காகப் போடுகிற கம்பி, கல்யாணத்தையே இரண்டு வருடம் தள்ளிப்போடும் என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தபோது வீட்டில் ஒரு மாநாடு நடந்தது. ஜாதகத்தோடு கொடுக்கும் தாளில், "பல் கம்பி தற்காலிகமானது, வரும் தையில் எடுத்துவிடுவார்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார் அம்மா. எந்தத் தை என்று போட வேண்டாமாம். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் அவர் தம்பி, என் சித்தப்பா தம்பிதுரை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எதுக்குங்க அண்ணி அதெல்லாம்? பழைய போட்டோவுல வாய் மூடித்தான் இருக்குது. கேட்டாச் சொல்லிக்கலாம்."

நான் சித்தப்பா பக்கம் சேர்ந்துகொண்டேன். என்னுடைய முதல் திருட்டுத்தனம் அது.

அந்தப் பழைய போட்டோவைப் பார்த்து வந்த வரன்தான் லோகப்பிரியா. பொங்கலூர்ப் பெண். சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குலக் கூட்டம் வேறு என்பதால் சம்பந்தம் பண்ணலாம்; ஜாதகப் பொருத்தம் பத்துக்கு ஏழு. பிள்ளைகள் பேசிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு அவளுக்குச் சாப்பாட்டு நேரம். ஞாயிறு தவிர தினமும் அப்போது பேசினோம். அவளுடைய மேலாளர் கூட்டத்தில் தூங்கிவிழுந்த கதையைச் சொன்னாள். களத்துக்குள் வந்த குரங்கு தேங்காய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போன கதையை நான் சொன்னேன். போனில் முகம் தெரியாது என்பதால் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் வாரத்தில் அவள் குரல் கேட்காத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடிக்காமல் போயின. வீடியோவில் வாங்க என்று இரண்டு முறை கேட்டாள். களத்தில் வீடியோவுக்கு டவர் பத்தாது என்று புளுகினேன்.

பிறகு நேரிலேயே பார்க்கலாம் என்றாள். உக்கடம் பெரிய குளக்கரையில், ஞாயிறு சாயங்காலம் நாலரைக்கு.

அதற்கு முன் நான்கு நாள் கண்ணாடி முன் நின்று பழகினேன். மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டால் கம்பி தெரியாமல் சில வார்த்தைகள் பேசலாம் என்று கண்டுபிடித்தேன். ஆனால் எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளையிடம் பேசினாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட வேண்டும். அதைப் போட்டால் வாய் திறந்துவிடுகிறது. கடைசியில் என் கைவசம் மிஞ்சியது 'ம்' ஒன்றுதான்.

லோகப்பிரியா ஸ்கூட்டரில் வந்தாள். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பாக இருந்தாள், போட்டோவைவிட நன்றாக இருந்தாள். மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முழுசாகச் சிரித்தாள். நான் உதட்டைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

"ரொம்ப நேரமா நிக்கறீங்களா?"

"ம்."

"வண்டியிலயா வந்தீங்க?"

"ம்."

சுட்ட சோளக்கதிர் இரண்டு வாங்கிவந்து ஒன்றை என்னிடம் நீட்டினாள். கம்பிக்காரன் சோளக்கதிரைக் கடித்தால் மிச்சக் கதையைக் கம்பியே சொல்லிவிடும். கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் இரண்டு கடி கடித்துவிட்டு, தனியாகத் தின்கிறோமே என்று அவளும் நிறுத்திக்கொண்டாள். நடந்தோம். மேலாளர் கதையில் புதிதாக ஒன்று சொன்னாள். வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது. நான் குளத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் கதை எதுவும் சொல்லவில்லை. துப்பட்டாவை இரண்டு முறை சரிசெய்தாள். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். ஐந்தரைக்கு, "சரிங்க, நான் வாரேனுங்க" என்றாள். "ம்" என்றேன். ஸ்கூட்டர் திரும்பும் வரை உதட்டைப் பிடித்திருந்தேன். கம்பி தெரியாமல் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டேன் என்று வழியெல்லாம் சந்தோஷம். காங்கேயம் தாண்டும்போது, காருக்குள் தனியாக, அந்த மேலாளர் கதைக்குச் சிரித்தேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அவள் போனை எடுக்கவில்லை; வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை தரகர் அம்மாவுக்குப் போன் செய்தார். "ஏனுங்கம்மா, பையனுக்குப் பொண்ணைப் பிடிக்கலையாமா? பொண்ணு ஊட்ல அப்படித்தான் சொல்றாங்க."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். இத்தனை வருடங்களாக 'உங்க பையனை வேண்டாமுங்க' என்பதை மட்டுமே கேட்ட காது அது. முதல்முறையாக அவர் மகன் ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவனுக்குன்னு ஒரு இது இருக்குமல்லங்க," என்றார் தரகரிடம்.

செய்தி களம் களமாகப் பரவியது. பெண்ணை வேண்டாம் என்கிற அளவுக்கு ஒரு பையன் இருக்கிறான் என்றால் அவனிடம் ஏதோ சரக்கு இருக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டியது. புதன்கிழமைக்குள் புதிதாக இரண்டு ஜாதகம் வந்தது. சித்தப்பா என் தோளைத் தட்டினார். நானும் அதை அனுபவித்தேன், பொய் எதற்கு? இரண்டு நாள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். லோகப்பிரியாவிடம் எப்படியும் பேசிச் சரிசெய்துவிடலாம், ஊர்ப்பேச்சு கொஞ்சம் ஆறட்டும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சபுராக்கா பருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பொண்ணு நிறம் கம்மியாமல்ல? அதனாலதான் நீங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்கன்னு பேசிக்கறாங்க. பாவம், அந்தப் புள்ளைக்கு இது மூணாவதாமா. போட்டோவைப் பாத்துச் சரிங்கறதாமா, நேர்ல பாத்து வேண்டாங்கறதாமா."

எனக்குச் சுருக்கென்றது. நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஊரே ஒரு காரணத்தை ஜோடித்து என் பேரில் அவளிடம் அனுப்பிவிட்டது. நான் வேண்டாம் என்றவன் என்றால், அவள் வேண்டாம் என்று சொல்லப்பட்டவள். இத்தனை வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

மணி ஒன்று. வீடியோவில் அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். எடுத்தாள். எதுவும் பேசாமல் வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். கோமாளித்தனமாக இருந்திருக்கும். திரையின் மூலையில் எனக்கே என் முகம் தெரிந்தது, மேலும் கீழும் கம்பியோடு.

"இது என்னங்க?"

"கம்பிங்க. போட்டு எட்டு மாசம் ஆச்சுங்க. அன்னைக்கு இது தெரியக் கூடாதுன்னுதான் பேசலீங்க, சிரிக்கலீங்க. சோளத்தையும் திங்கலீங்க."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ரூமுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னேன். நேர்ல பாக்கறவங்களுக்கு என் மூஞ்சியில அப்படி என்னதான் தெரியுதுன்னு தேடினேன். ஒரு மணி நேரம். நீங்க என்னடான்னா பல்லை மறைச்சுட்டு இருந்திருக்கீங்க."

"தப்புங்க."

"உங்க ஊர்ல என்ன பேச்சு?"

"நான் வேண்டாம்னு சொன்னதாங்க."

"காரணம்?"

அவளே சொன்னாள், "நிறம். இங்கயும் வந்துருச்சு." குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "உங்களுக்கு என்னைப் பிடிச்சிருந்துதா இல்லையா?"

"பிடிச்சிருந்துதுங்க. இப்பவும் பிடிச்சிருக்குதுங்க."

"அதை எங்கிட்டச் சொல்லி என்னங்க பண்றது? பேச்சு அங்கதான ஓடுது. அங்க போய்ச் சொல்லுங்க. போனைக் கட் பண்ணாதீங்க, நான் கேக்கணும்."

களத்துக்கு முன்னால் வேப்பமர நிழலில் அம்மாவும் சித்தப்பாவும் புது ஜாதகங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபதடி தூரம் இருக்கும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா சந்தோஷமாக இருந்த வாரம் அது. அதைக் கெடுக்கப் போகிறோம் என்று தெரிந்தே போனேன்.

"அம்மா, லோகப்பிரியாவை நான் வேண்டாம்னு சொல்லலை."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன கண்ணு சொல்றே?"

"எனக்கு அந்தப் புள்ளையை ரொம்பப் பிடிச்சிருந்துது. கம்பி தெரிஞ்சுரும்னு பயந்துட்டு வாயே திறக்காம இருந்துபோட்டேன். எனக்குப் பிடிக்கலைன்னு அது நெனச்சுக்கிச்சு. நிறம் அது இதுன்னு பேசறதெல்லாம் பொய். கேட்டுட்டுச் சும்மா இருந்தது என் தப்பு."

வாயைப் பெரிதாகத் திறந்துதான் சொன்னேன். களத்தில் காய் உடைக்கும் சத்தம் நின்றுபோனது. அம்மா கையிலிருந்த ஜாதகத்தை மெதுவாக மடித்தார். அவர் தோள் இறங்குவதைப் பார்த்தேன்.

"அப்ப பொண்ணு ஊட்ல நம்ம பையனை வேண்டாம்னு சொல்லப் போறாங்க," என்றார் அம்மா.

சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, ஆக இந்த வரனும் போச்சா?"

என் கையிலிருந்த போனிலிருந்து லோகப்பிரியாதான் பதில் சொன்னாள்.

"இன்னும் போகலீங்க, மாமா."